தூண்டிலுக்கு வேலி, கழிவுக்கு வழியா?

வேலப்பன்சாவடிப் பக்கம் ஓடும் கூவத்தில் இன்று தூண்டில் போட எவர்க்கும் மனம் வாராது. அவ்வாற்றைக் கெடுத்தது தூண்டில் அன்று. நகரக் கழிவும் ஆலைக் கழிவுமே. அக்கழிவுகளுக்கு ஆறு சாகும்வரை எவரும் வேலி போட்டாரல்லர். நம்மூர் இளைஞர் தூண்டிலும் கையுமாய் ஏரிக்கரைகளைத் தேடி அலைகின்றனர். அவருட் சிலர் விடுமுறைக்கு மண்டபம், பாம்பன் பக்கம் சென்றாலோ, அங்குக் கடலுக்கே வேலி கட்டியிருக்கக் காண்கின்றனர். கூவத்தைக் காவாத ஆட்சி, கடலில் யாரைத் தடுக்கின்றது என்பதே நம் வினா.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக 560 சதுரக் கிலோமீட்டர், 1986-இல் ‘தேசியப் பூங்கா’ ஆக்கப்பட்டது. 1989-இல் அதனைச் சூழ 10,500 சதுரக் கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுரக் கிலோமீட்டரில் ஆவுளியாக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இம்மூன்றின் கட்டுப்பாடுகளும் ஒரு தன்மையன அல்ல. ஆயினும் கோடுகள் விரிந்துகொண்டே வருகின்றன.

கடலைக் காக்க வேண்டா என்பார் நம்முள் யாருமிலர். பவளப்பாறையும் கடற்புல்லும் அழிந்தால் மீனும் இல்லை, மீனவனும் இல்லை. ஆனால் அழித்தவன் யார்? சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்குமாகப் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டிக் குவித்தனர். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பலும் சுடுநீரும் இக்கடலையே சேர்ந்தன. இழுவைமடியோ கடலடியையே வழித்தெடுத்தது. அதனை ஓட்டியவருள் நம்மவரும் உளர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இவற்றோடு, ஒரு நேரத்தில் ஒரு மீனைப் பிடிக்கும் தூண்டிலையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது எவ்வகை முறை?

1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், புகலிடங்களில் ஆட்சியர் ஒப்பினால் பழைய உரிமைகள் தொடரலாம் என்கின்றது. தேசியப் பூங்காவிலோ அவ்வாயிலையும் அடைத்துவிட்டது. உள்ளூர் மீனவரின் தொழில்நலம் காக்கப்பட வேண்டும் என்னும் சொற்கள் 1991-இல்தான் அச்சட்டத்துள் ஏறின. பூங்கா அமைந்து ஐந்தாண்டு கழிந்தபின் வந்த ஆறுதல் அது! அதிலும் தொழிலுக்கே இடம்; பொழுதுபோக்குத் தூண்டிலுக்குச் சொல் ஒன்றுமில்லை.

பொழுதுபோக்குத்தானே என எள்ளற்க. கரையோரச் சிறுவன் விளையாட்டாய்த் தூண்டில் போட்டே நீரோட்டத்தையும் காற்றையும் மீனின் வழியையும் கற்கின்றான். நல்லதண்ணி, உப்புத்தண்ணி, முயல், காரைச்சல்லி என்று அத்தீவுகளுக்குத் தமிழ்ப் பெயர் இட்டவர், கடலை இவ்வாறு கற்றவரேயன்றித் தலைநகரில் அமர்ந்து கோடு வரைந்தவர் அல்லர். பெயரிட்டவனை அயலானாக்கிய பின், அக்கடலுக்கு நேரும் கேட்டை முதலிற் கண்டு கூவுவார் யார்?

ஆத்திரேலியரைப் பாருங்கள். அவர்தம் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் மீன்பிடி அறவே கூடாத பகுதியை, ஐந்து விழுக்காட்டுக்கும் குறைந்த அளவிலிருந்து 2004-இல் 33 விழுக்காடாக உயர்த்தினர். தூண்டிற்காரர் கொதித்தெழுந்தனர். ஆயினும் கோடு வரையுமுன் 31,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் பெறப்பட்டன. எஞ்சிய பகுதியிற் பெரும்பாலும் தூண்டிலுக்கு இடம் இருந்தது. தொழிலிழந்த மீனவர் இழப்பீடு பெற்றனர். காப்பும் உரிமையும் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனவே நாம் கேட்பன மூன்று. கோடு வரையுமுன் கரையூர் மக்களைத் தமிழில் கேளுங்கள். கட்டளைகளையும் தமிழிலேயே எழுதி வையுங்கள். கைத்தூண்டிலை இழுவைமடியினின்று பிரித்து, அதற்குரிய இடத்தையும் காலத்தையும் அளவையும் எழுத்தில் வரையறுங்கள். முதல் வேலியை ஆலைக்கழிவின் வாயிலில் போடுங்கள்.

கூவத்தை இழந்து நிற்கும் நாம் சொல்கின்றோம்: தூண்டிற்காரனை விரட்டியதால் எந்த நீரும் தூய்மையானதில்லை. கடலை அறிந்தவனைக் காவலனாக்குங்கள், குற்றவாளியாக்காதீர்!