திருட்டு நகையும் அடகுக் கடையும்

1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1-ந்தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்துவிட்டது. பெயர் வடமொழியாயிற்று. சாதாரணத் திருட்டுக்கு 3 வருஷம் வரை ஜெயில் என்பது மாத்திரம் மாறவில்லை.

நல்லதை மறைப்பது நாணயமாகாது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதல் தடவையாகத் தண்டிக்கப்படுகிறவன், பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்குச் சமூக சேவையே தண்டனை. பசித்தவனை ஜெயிலில் அடைத்துத் தேர்ந்த திருடனாக்காத இந்த மாறுதலை வரவேற்கிறோம்.

ஆனால் இன்னொன்றைப் பாருங்கள். கோயில் சிலையைத் திருடினால் 7 வருஷம் வரை ஜெயிலாம். வயல் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் சங்கிலியைக் காயமோ பயமுறுத்தலோ இல்லாமல் பறித்தோடினால் 3 வருஷம் வரைதானாம். சர்வ வல்லமையுள்ள சாமிக்கு 7 வருஷக் காவல்! ஒன்றுமில்லாத கூலிக்காரிக்கு 3 வருஷக் காவல்! இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

அது நிற்க, திருடன் நகையைத் தின்று பசியாறுகிறானா? பணமாக்கிக் கொடுக்க ஒருவன் இருப்பதாலேயே திருடுகிறான். திருட்டுப் பொருளென்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ நாணயமின்றி வாங்குகிறவனுக்கும் 317-வது பிரிவின்படி அதே 3 வருஷம் வரை ஜெயில் உண்டு. 1943-ம் வருஷத்து அடகுக்கடைச் சட்டம் லைசென்சு, அடகுச் சீட்டு, கணக்குப் புத்தகம் எல்லாம் கேட்கிறது. ஆகவே "யார் வைத்தாரோ தெரியாது" என்று கடைக்காரன் கைவிரிக்க இடமில்லை. போலீசார் அவனை வெறும் சாட்சியாக்கி அனுப்பிவிடாமல், தக்க காரணமிருந்தால் எதிரியாகவே நிறுத்த வேண்டும்.

வளையமாதேவி, நெய்வேலிப் பக்கத்துக் கிராமத் தோழர்களே! நடவுக்கும் வைத்தியத்துக்கும் நம் பெண்களின் கழுத்து நகைதானே பாங்கி? அது களவு போனால் மை போட்டுப் பார்ப்பதும், குறி கேட்பதும், விதியென்று அழுவதும் எதற்கு? எடை, அடையாளம், வாங்கிய ரசீது, போட்டோ இவற்றோடு அன்றே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். திருடனுக்கு இல்லாத உரிமை அடகு பிடித்தவனுக்கு வராது. அவன் கொடுத்த கடனையோ வட்டியையோ நீங்கள் கட்டவேண்டியதில்லை. கோர்ட்டுக்கு வந்த பொருளுக்கு 14 நாளில் விவரம் எழுதி, அதன்பின் 30 நாளில் அதை என்ன செய்வதென்று உத்தரவிட வேண்டுமென்று புதிய விசாரணைச் சட்டம் சொல்லுகிறது. அதற்கும் மனுப் போடுங்கள்.

குறிகாரனுக்குக் கொடுக்கும் காசை மனுவுக்குச் செலவிட்டால், நகை திரும்ப வழியுண்டு, புத்தியும் மிஞ்சும்.