பாட்டி வைத்துப் போன ஆஸ்தி

வேலூர் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்த டாக்டர் ஐடா ஸ்கடரை நம்மவர் நன்கறிவர். அவருடைய பாட்டி ஹாரியட்டை அறிந்தவர் சிலரே. 1819-ல் வைத்தியரான கணவருடன் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய அந்த அம்மாள், யாழ்ப்பாணம் சேருமுன்பே கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். ஆயினும் திரும்பிப் போகவில்லை. யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் ஜபமும் தொண்டுமாய் வாழ்ந்து, 1849-ல் காலமானார். புதல்வர் எழுவர் இந்தியாவில் ஊழியம் புரிந்தனர்.

அவர்களுள் இளையவரின் மகளே 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா. பாட்டியின் முகத்தை அவர் கண்டதில்லை. குடும்ப ஊழியமே தமக்கு வேண்டாமென்றும் இருந்தார். ஆனால், ஆண் வைத்தியர் பார்க்கலாகாதென்ற வழக்கத்தினால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டது அவர் மனத்தை மாற்றிற்று. 1918-ல் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளியே தொடங்கினார்.

நம் வீட்டுப் பாட்டிமார் விடியற்காலையில் செய்யும் பிரார்த்தனை எந்தத் தலைமுறையில் பலிக்குமென்று யார் கண்டார்?