எண்ணும் எண்ணெயும்

டர்போ எஞ்சின் கொண்ட புதிய காரை வாங்கியவர், பெட்ரோல் பங்கில் ‘100’ என்று எழுதப்பட்ட குழாயைத் தேடிச் செல்வது இந்தியப் பெருநகரங்களில் இயல்பாகிவிட்டது. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் எக்ஸ்பி100 பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது, தில்லியில் லிட்டர் விலை 160 ரூபாய். அவ்விலையைத் தயங்காமல் கொடுப்பவர்களில் பலர், சர்வீஸின்போது ஊற்றப்படும் எஞ்சின் ஆயில் எத்தரத்தது என்று கேட்பதில்லை. அக்கறை இடம் மாறிக் கிடக்கிறது.

ஆக்டேன் எண் எரிபொருளின் ஆற்றலைக் குறிப்பதன்று. அழுத்தத்திலும் வெப்பத்திலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் அது தாக்குப்பிடிக்கும் திறனையே குறிக்கிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என வகுத்து, ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில் ஒப்பிட்டு அளக்கின்றனர். நிமிடத்துக்கு 600 சுற்றில் அளந்தால் ஆராய்ச்சி ஆக்டேன் எண். 900 சுற்றில், கூடுதல் வெப்பத்தில் அளந்தால் மோட்டார் ஆக்டேன் எண். இந்தியாவில் முன்னதைச் சொல்வதே வழக்கம்; அமெரிக்கப் பங்குகளிலோ இரண்டின் சராசரியை எழுதுகின்றனர். ஆகவே அமெரிக்கக் கையேடு கேட்கும் ‘91’ இங்கே ஏறத்தாழ 95க்கு நிகர். அளவுகோல் குறிக்கப்படாத எண்ணை ஆய்வேட்டில் எந்த நெறியாளரும் அனுமதிக்க மாட்டார். பங்கில் மட்டும் அது கேள்வியின்றி ஏற்கப்படுகிறது.

91க்கென வடிவமைத்துச் சீரமைக்கப்பட்ட எஞ்சினில் 100 ஊற்றுவது, அது பயன்படுத்திக்கொள்ளத் தெரியாத வசதிக்கு விலை கொடுப்பதாகும். எரிபொருள் மூடியிலேயே 95 அல்லது 98 எனக் கேட்கும் கார்களின் நிலை வேறு. குறைந்த எண்ணுள்ள பெட்ரோலில் அவற்றின் நாக் சென்சார் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். இழுவையும் மைலேஜும் குறையும். அங்கே கூடுதல் விலை நியாயமானதே.

இதற்கிடையே சாதாரணக் குழாயே மாறிவிட்டது. எத்தனால் 20 விழுக்காடு கலந்த இ20 பெட்ரோலின் ஆக்டேன் எண் 95 என்று ஒன்றியப் பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் விளக்கமளித்தது. ஆவியாகும்போது எத்தனால் கலவையைக் குளிர்விப்பதால், நாக்கிங்கைத் தடுப்பதில் அது உண்மையிலேயே வல்லது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் அதே அளவு பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே உண்டு. அதனால் இ20இன் ஒவ்வொரு லிட்டரிலும் ஆற்றல் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு குறைகிறது. ஆக்டேனைப் பெருமையோடு அறிவிப்பவர்கள் இதை மட்டும் அடக்கி வாசிக்கின்றனர்.

எஞ்சின் ஆயிலில் பிழை நேர்ந்தால் இழப்பு மைலேஜோடு நிற்பதில்லை. டர்போவும் நேரடி எரிபொருள் பாய்ச்சலும் சேர்ந்த சிறிய எஞ்சினை, ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் 1500 முதல் 2000 சுற்றுகளில் முழுச் சுமையில் இழுக்கவிட்டால், சிலிண்டர் சுவரில் ஆயிலும் பெட்ரோலும் கலந்து ஒட்டிய துளி தீப்பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளக்கூடும். கடுமையாக நிகழ்ந்தால் பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதியே உடையும். உயர்ந்த ஆக்டேன் எண்ணை மட்டும் நம்பி இதைத் தவிர்க்க இயலாது. ஆயிலில் உள்ள கால்சியம் வகைத் தூய்மிகள் இதைத் தூண்டுகின்றன என்று கண்டறிந்த பின்னர், அவற்றில் ஒரு பகுதிக்கு மாற்றாக மெக்னீசியச் சேர்மங்கள் பயன்படுத்தப்பட்டன. 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் தரமும் 2020இல் எஸ்பி தரமும் இச்சிக்கலைக் கருதியே வந்தன.

‘சூடான ஊர், கனமான ஆயில்தான் நல்லது’ என்று இன்றும் 20டபிள்யூ-50ஐப் பரிந்துரைக்கும் பட்டறைகள் உண்டு. பழைய எஞ்சின்களுக்கு அது பொருந்திய அறிவுதான். வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் இன்றைய எஞ்சினின் குறுகிய வழிகளுக்கு அது பொருந்தாது. அதற்காக 0டபிள்யூ-20 எல்லாவற்றுக்கும் உகந்தது என்பதும் இல்லை. 5டபிள்யூ-40 கேட்கும் எஞ்சின்களும் உள்ளன. கையேட்டில் அச்சிட்டிருப்பதே முடிவு.

பங்கில் ஆக்டேன் எண்ணோடு அதன் அளவுகோலும் எத்தனால் விழுக்காடும் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும். சர்வீஸ் ரசீதிலோ ‘எஞ்சின் ஆயில்’ என்ற ஒற்றை வரிக்குப் பதிலாகப் பாகுத்தன்மையும் தரக்குறியீடும் இடம்பெற வேண்டும். பிஸ்டன் உடைந்து உத்தரவாதம் மறுக்கப்படும் நாளில், கார் உரிமையாளரின் கையில் பெரும்பாலும் அந்த ரசீது மட்டுமே இருக்கும்.