கொடையும் அமானிதமும்

பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் இன்வெர்ட்டர் வாங்கித் தருவதை நற்கொடையாகக் கருதும் பெருமக்கள் நம்மிடையே பலர் உளர். பெட்டியின் மீது கொடையாளர் பெயர் எழுதப்படுகிறது, துஆ ஓதப்படுகிறது, அத்துடன் கடமை முடிந்ததென எண்ணிவிடுகிறோம். இரண்டாண்டு கழித்துத் தராவீஹ் தொழுகையின் நடுவே மின்சாரம் நிற்க, சில நிமிடங்களில் இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிட, விற்ற வணிகரைக் குறை கூறுகிறோம். குறை பெரும்பாலும் பேட்டரியில் இல்லை. அதனைப் பேணாத நம்மிடமே உள்ளது என்பது என் துணிபு.

1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய அமில மின்கலத்தின் வழிவந்தவையே நம் இன்வெர்ட்டர் பேட்டரிகளுள் பெரும்பாலானவை. மின்சாரம் தரும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட்டு படிகிறது. மின்னேற்றும்போது அப்படிவு நீங்குகிறது. மின்னிறங்கிய நிலையில் நெடுநாள் விட்டுவிட்டாலோ படிவு கெட்டிப்பட்டு, பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் நீங்காது. விடுமுறையில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் செல்லும் மதரஸாக்களில் பேட்டரி மாள்வது இவ்வாறே. ஓய்விலுள்ள 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது, 12.2 வோல்ட் காட்டினால் ஏறக்குறையப் பாதி தீர்ந்தது எனக் கொள்ளலாம்.

மின்னேற்றத்தின்போது உள்ளிருக்கும் நீர், ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குறைகிறது. குறைவது நீரே, ஆதலின் அமிலம் சேர்த்தல் தவறு. காய்ச்சி வடித்த நீரை மட்டும் குறியளவு வரை ஊற்ற வேண்டும். உடலைத் தூய்மையாக்கும் ஹவுள் நீர் பேட்டரிக்குத் தூயதன்று. அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியதாகையால் காற்றோட்டம் இன்றியமையாதது. அருகே ஊதுபத்தி ஏற்றுதலும் ஆகாது.

'லித்தியம் அயனி பேட்டரிக்கு இத்தொல்லை இல்லையே' எனச் சிலர் கேட்கக்கூடும். 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைத் தன்னை உருவாக்கியோர்க்குப் பெற்றுத்தந்த அப்பேட்டரிக்கு நீர் வேண்டா. எனினும் பொருத்தமான சார்ஜரும் வெப்பம் தாக்காத இடமும் வேண்டும். பேணுதல் வேண்டாத பொருள் எதுவுமில்லை.

பழைய பேட்டரியைக் கிடைத்த விலைக்கு எவரிடமோ தள்ளிவிடுவதும் பிழையே. முறையின்றி உடைக்கப்படும் பேட்டரியின் ஈயம் மண்ணையும் நீரையும் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், அதனைச் சேகரிப்போர் அல்லது மறுசுழற்சி செய்வோரிடம் ஒப்படைக்கச் சொல்கின்றன. அண்டை வீட்டார் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு, சட்டம் சொல்லித்தானா இது தெரிய வேண்டும்?

ஆகவே, கொடையளிக்கும் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்: பேட்டரியோடு அதன் பராமரிப்புச் செலவையும் சேர்த்து வழங்குங்கள். ஜமாஅத்தார் அப்பணியையும் மோதினார் தலையில் சுமத்தாது, தனியே ஒருவரைப் பொறுப்பாக்கட்டும். மாணவச் செல்வங்களே, மாதம் ஒருமுறை நீர்மட்டமும் வோல்ட் அளவும் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க உங்களால் இயலும். கொடுத்தவர் தம் கடமையைச் செய்துவிட்டார். பெற்றுக்கொண்ட நம் கையில் அது அமானிதம்.