குறை கூறுதல் குற்றமா?

தேர்தல் வந்துவிட்டால் நம் அறிவாளர்களுக்கு ஓர் ஒழுக்கக் கவலையும் வந்துவிடுகிறது. மாற்றுக் கட்சியைத் தூற்றாமல் தன் சாதனைகளை மட்டும் எடுத்துரைக்கும் விளம்பரமே நாகரிகமானது என்கிறார்கள். இக்கூற்றை நான் மறுக்கிறேன். வாக்காளரை அதிகம் ஏமாற்ற வல்லது புகழுரையே, பழிப்புரை அன்று.

2004 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்பாக வாஜ்பாயி அரசு பொதுப்பணத்தில் வெளியிட்ட 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரங்களில் எவரையும் ஏசும் சொல் இல்லை. நாகரிகத்துக்குக் குறைவில்லை. ஆனால் யாருக்கு ஒளிர்கிறது, எங்கே ஒளிர்கிறது? 'ஒளிர்தல்' என்ற வினையை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? அதை மெய்யென்று நிறுவவும் முடியாது, பொய்யென்று மறுக்கவும் முடியாது. அந்த வழவழப்புதான் அதன் பலம். 'சாமானிய மனிதனுக்கு என்ன கிடைத்தது?' என்று எதிர்விளம்பரம் செய்தது காங்கிரஸ். நம் நண்பர்களின் கணக்கில் இது 'எதிர்மறைப் பிரசாரம்'. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது அதுதான். காங்கிரஸ் 145 இடங்களையும் பாஜக 138 இடங்களையும் பெற்றன. முடிவுக்குக் காரணங்கள் பல. அந்தக் கேள்விக்கு ஒளிர்வோரிடம் விடை இருக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

குற்றம் சாட்டுபவன் சான்று காட்டியாக வேண்டும். இல்லையேல் மறுநாளே அகப்பட்டுக்கொள்வான். புகழ்பவனுக்கு அந்தக் கடப்பாடு இல்லை. 1960 முதல் 2004 வரையிலான அமெரிக்க அதிபர் தேர்தல் விளம்பரங்களை ஆராய்ந்து ஜான் கீர் என்ற அரசியல் அறிஞர் 2006இல் ஒரு நூல் எழுதினார். கொள்கைச் செய்தியும் சான்றும் எதிர்மறை விளம்பரங்களிலேயே மிகுதி என்பது அவர் முடிவு.

'அப்படியானால் 1988?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டுகாகிஸ் ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வார இறுதி விடுப்பில் வெளிவந்த கொலைக்கைதி ஒருவர் கொடுங்குற்றம் இழைத்தார். புஷ் ஆதரவுக் குழு ஒன்று அதை விளம்பரமாக்கியது. செய்தி உண்மை. ஆனால் அக்கறுப்பினக் கைதியின் படத்தைத் திரை முழுதும் காட்டியதன் நோக்கம் வேறு. வெள்ளை வாக்காளரின் இன அச்சத்தைக் கிளறுவதே அது. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பிரித்தார். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை மறைத்துச் சொல்வது பின்னது. 1988 விளம்பரத்தின் நஞ்சு அது கரந்த பகுதியில்தான் இருந்தது. வெளிப்படையாகச் சொன்ன பகுதிக்கு மறுமொழி இருந்தது: அந்த விடுப்புத் திட்டம் 1972இல், புஷ்ஷின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநரின் ஆட்சியில் தொடங்கப்பட்டது.

எனவே விளம்பரம் ஏசுகிறதா, வாழ்த்துகிறதா என்று பார்ப்பது வீண். பழிப்பது ஒருவரின் செயலையா, பிறப்பையா? சொல்வதைச் சரிபார்க்க வழியுண்டா? இவ்விரண்டையும் கேட்டால் போதும். பரிசிலுக்காக மன்னனைப் பாடிய புலவனுக்கு வறுமை என்ற நியாயமேனும் இருந்தது. மக்களின் வரிப்பணத்தில் மக்களிடமே மெய்க்கீர்த்தி பாடும் அரசுகளுக்கு என்ன நியாயம் இருக்கிறது?