குரல்வளை இழந்தோர்க்கு ஒற்றைத் தொனி போதுமா?

தமிழ் தொனிமொழியன்று, ஆதலால், புற்றுநோயினாற் குரல்வளை அகற்றப்பட்ட தமிழர் ஒருவருக்கு ஒரே சுருதியில் இரையும் மின்கருவி போதும் என்பர் சிலர். இக்கூற்றின் முற்பாதி உண்மை. பிற்பாதி அவ்வுண்மையினின்றும் பிறவாதது.

முற்பாதிக்குரிய மதிப்பை முதலிற் கொடுப்போம். கன்ரனீஸ் மொழியில் 'ஸி' என்னும் ஓரசையே ஆறு தொனிகளிற் கவிதை, வரலாறு, முயற்சி, காலம், சந்தை, காரியம் என ஆறு பொருள் தரும். கழுத்தில் அழுத்திப் பிடிக்கும் மின்கருவியின் மாறாச் சுருதியில் ஆறும் ஒன்றாகிவிடும். தமிழுக்கு இத்துன்பம் இல்லை. வினாவை ஆகாரமும் ஓகாரமும் காட்டும். தேற்றத்தை ஏகாரம் காட்டும். கருவியின் இடையறா இரைச்சலிற் 'பல்' என்பதன் பகரம் குரலொலியுடன் கேட்பினும் தமிழில் வேறு சொல் ஆகிவிடுவதில்லை.

ஆயின், தொனி சொற்பொருளை மாற்றாத மொழியிலே தொனிக்கு வேலையே இல்லை என்பது எந்த இலக்கணம்? எடுத்தல், படுத்தல், நலிதல் என்பவற்றால் ஒலிகள் வேறுபடுதலை நன்னூலார் உணர்ந்திருந்தார். நூல் வேண்டாம், முள்ளியவளைச் சந்தையில் அரை மணி நேரம் நின்றாற் போதும். 'ஓம்' என்பது அங்கு உடன்பாடு, இழுபட்டால் ஐயம், வெட்டென விழுந்தாற் சினம், மேலெழுந்தால், 'பிறகு, சொல்லு' என்னும் ஆவல். இடைச்சொல் எதுவும் இங்கு உதவிக்கு வராது. மின்கருவியாற் பேசுபவருக்கோ எல்லா 'ஓமும்' ஒரே 'ஓம்'. பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதும் கடன்காரனுக்கு மறுமொழி சொல்வதும் ஒரே இரைச்சலில். கோவலன் கூத்தைக் கேட்டு வளர்ந்த ஊரில் ஒருவரை இந்நிலையில் விட்டுவிட்டு, 'செய்தி விளங்குகிறதுதானே' என்பது தந்தி நிலையத்தாரின் அளவுகோல்.

'உயிர் தப்பியதே பெரிது' என்பாரும் உளர். 1873 இல் வியன்னாவிற் பில்றொத், புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதையும் முதன்முதலில் அகற்றினார். அந்நோயாளிக்கே அவரது உதவியாளர் குஸ்ஸன்பவர் செயற்கைக் குரல்வளை ஒன்றையும் ஆக்கிக் கொடுத்தார். குரலைப் பற்றிய கவலை இச்சிகிச்சையுடன் பிறந்தது. பின்வந்த ஆடம்பரம் அன்று.

மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளையிட்டுச் சிறு வால்வு பொருத்தும் முறையை 1980 இற் சிங்கரும் புளொமும் வெளியிட்டனர். நுரையீரற் காற்றே பேசுவதால் ஏற்ற இறக்கம் ஓரளவு மீளும். ஆனால் வால்வைச் சில மாதங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். வன்னி விவசாயி அதற்காக யாழ்ப்பாணத்துக்கோ மஹரகமவுக்கோ எத்தனை தடவை பஸ் ஏறுவார்?

ஹொங்கொங்கிலும் தாய்வானிலும் வேறொரு கருவி வழங்கி வந்துள்ளது. கழுத்துத் துளையின் மேல் ஒரு கிண்ணம். அதனுள் றப்பர்ச் சவ்வு. வாய்க்குச் செல்லும் ஒரு குழாய். பற்றரி இல்லை. மூச்சை அழுத்தினாற் சுருதி உயரும், தளர்த்தினால் தாழும். கன்ரனீஸ் தொனிகளை மின்கருவியிலும் இது தெளிவாகத் தருகின்றது என ஆய்வாளர் கண்டனர். ஒரு கை ஓயாது, குழாயில் எச்சில் சேரும், பார்வைக்கும் அழகன்று. எனினும் 'ஓம்' என்பதன் நாலு வடிவையும் சொல்ல வல்லது எதுவெனத் தேர்ந்தால், தமிழர்க்கும் இதுவே முதலிற் பரீட்சிக்கத் தக்கது.

பரீட்சிப்பவர் யார்? களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றுகின்றது. அவர்கள் கையிற் கொடுக்க, ஒரே சொல் பல தொனியில் வரும் வன்னிப் பேச்சு வாக்கியங்களைத் தொகுத்துத் தருவது தமிழ்த்துறைகளின் வேலை. கிண்ணமும் சவ்வும் குழாயும் செய்யப் பொறியியற் பீடப் பட்டறை ஒன்றே போதும். றப்பர் இந்நாட்டிலேயே விளைகின்றது.