உறைந்த ஏரிகளும் மீன்பிடி விதிகளும்

சோளக் கொல்லையில் பயிர் அடர்த்தியாய் முளைத்தால் கலைத்துவிட வேண்டும் என்பதும், அறுவடைக் காலத்தில் திரட்சியான கதிர்களை விதைக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதும் நம் மிராசுதார்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விரண்டும் ஒரே குடியானவன் ஒரே நிலத்தில் செய்யும் காரியங்களேயாயினும், ஒன்றை மற்றொன்றென அவன் ஒருபோதும் மயங்குவதில்லை. வட அமெரிக்காவின் ஏரிப் பிரதேசத்திலோ, குளிர்காலத்து மீன்பிடிப்பைக் குறித்து நெடுங்காலமாய் நடந்துவரும் வாதம் இம்மயக்கத்திலேயே பிறந்ததாக எமக்குத் தோன்றுகிறது. விதைநெல்லை எடுத்துக் குத்தி உண்டுகொண்டே, பயிரைக் கலைத்துவிடுவதாகப் பலர் அங்கே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐக்கிய அமெரிக்காவின் வட எல்லையைச் சார்ந்த மின்னெசோட்டா, விஸ்கான்ஸின் என்னும் இரு ராஜ்யங்களிலும் ஏரிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. டிசம்பர் முதல் மார்ச் வரையில் இவை பெரும்பாலும் மேற்புறம் உறைந்து கிடக்கும். நீரானது 4 டிகிரி சென்டிகிரேடில் மிகுந்த கனமடைந்து அடியில் தங்குவதாலும், பனிக்கட்டி இலேசாகி மேலே மிதப்பதாலும், கீழேயுள்ள மீன்கள் உயிரோடிருக்கின்றன. தெளிந்த பனிக்கட்டி 4 அங்குல கனம் இருந்தால் ஒரு மனிதன் அதன்மேல் நடக்கலாம் என்பது அங்குள்ளோர் கணக்கு. துரப்பணத்தால் வட்டமாய்த் துளையிட்டு, சிறு குடிசையோ முக்காலியோ போட்டு உட்கார்ந்து, ஈயக்குண்டு கோத்த சின்னஞ்சிறு தூண்டிலைத் துளை வழியே இறக்கி மீன் பிடிப்பார்கள். பாட்டனும் பேரனும் ஒரே துளையருகில் அமர்ந்திருப்பது அந்நாட்டில் சாதாரணக் காட்சி.

இவ்வாறு பிடிபடுபவற்றுள் முக்கியமானவை, வாணலியில் முழுதாய் அடங்கும் அளவினவாதலால், ‘வாணலி மீன்’ என்று பொருள்படும் பொதுப் பெயரால் அங்கே வழங்கப்படுகின்றன. புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் புளூகில் என்பது உள்ளங்கை அகலத்தில் தட்டையாய், செவுள் மூடியின் ஓரத்தில் கருநீலப் புள்ளியோடு கூடிய மீன். நம் வாதத்துக்கு இதுவே மூலபுருஷன்.

விதிகளின் வரலாற்றைச் சுருக்கமாய்ச் சொல்லுவோம். வாணலி மீன்கள் எண்ணற்றவை, எவ்வளவு பிடித்தாலும் தீராதவை என்னும் எண்ணம் வெகுகாலம் நிலவிற்று. விஸ்கான்ஸினில் ஒருவர் ஒரு நாளில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய மீன்களின் வரம்பு 50 ஆக இருந்து, 1998-இல் 25 ஆகக் குறைக்கப்பட்டது. மின்னெசோட்டாவில் புளூகில் இனத்துக்கு 30 ஆக இருந்தது, 2003-இல் 20 ஆயிற்று. கேட்பவர்களுக்கு இவை பெரிய குறைப்புகளாகத் தோன்றும். உண்மையில் ஒரு நாளில் இருபது மீன் பிடித்து வீடு செல்லுகிறவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் நாலைந்துடன் எழுந்துவிடுகிறார்கள். எவரும் எட்டாத உயரத்தில் கட்டிய வேலி எந்த மாட்டையும் தடுப்பதில்லை. ஆகவே 50-ஐ 25 ஆக்கியதனால் ஏரிக்கு விளைந்த நன்மை காகிதத்தில் கண்ட அளவில் பாதிகூட இராது என்பது எமது அபிப்பிராயம்.

இதற்கிடையில் மீன்களின் எண்ணிக்கை குறைந்ததோ இல்லையோ, அளவு குறைந்துவிட்டது. விஸ்கான்ஸினில் சுமார் 70 வருஷத்துக் கணக்குகளை ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, வாணலி மீன்கள் முன்னிலும் சிறுத்துவிட்டதைக் காட்டியது. இங்கேதான் “கலைத்துவிடும்” வாதம் எழுகிறது. ஏரியில் மீன் நெருங்கிவிட்டது, இரை போதவில்லை, இன்னும் அதிகமாய்ப் பிடித்தால் மீதி பெருக்கும் என்பார்கள். இவ்வாதம் முழுப் பொய்யன்று. இரை குறைந்து, சிறு மீன்களை உண்ணும் பெரிய வேட்டை மீன்கள் இல்லாத குளங்களில் இது மெய்யாகவே பொருந்தும். ஆனால் பயிரைக் கலைப்பவன் நோஞ்சான் நாற்றைப் பிடுங்குகிறான். தூண்டிற்காரனோ ஆறங்குல மீனைத் துளைக்குள் திருப்பி விட்டுவிட்டு, எட்டங்குல மீனை மட்டும் வாளியில் இடுகிறான். இரண்டும் ஒன்றாகுமா?

பெரிய புளூகில் ஒன்றை எடுப்பதனால் நேரும் கெடுதலை அறிய, அம்மீனின் குடித்தனத்தைச் சிறிது அறிதல் வேண்டும். கோடையின் தொடக்கத்தில், ஏரி நீர் வெதுவெதுப்படைந்ததும், ஆண் மீன்கள் கரையோரத்தில் வாலால் மணலை விலக்கி வட்டமான குழிகளை அமைக்கின்றன. ஒன்றையொன்று அடுத்துப் பல குழிகள் ஒரே இடத்தில் அமையும். பெண் மீன் முட்டையிட்டுச் சென்றுவிடும். ஆண் மீனே அங்கு நின்று, துடுப்பால் நீரை விசிறி, பகைவர்களைத் துரத்தி, குஞ்சு வெளிவந்து நீந்தும் வரையில் காவல் புரிகிறது. அக்காலத்தில் அது இரை தேடுவதும் அரிது. நல்ல இடத்தைப் பற்றிக்கொள்ளுவதில் பெரிய ஆணுக்கே வெற்றி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஓப்பினிக்கன் ஏரியில், இவ்வாறு கூடு காக்கும் ஆண்கள் சுமார் ஏழாம் வயதில்தான் பருவமடைகின்றன என்றும், இரண்டாம் வயதிலேயே பருவமடைந்து பிறர் கூட்டில் திருட்டுத்தனமாய்ப் புகும் சிறிய ஆண்களும் உண்டென்றும் 1980-களில் மார்ட் கிராஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

பெரிய ஆண்கள் ஏரியில் இருக்கும்வரை, இளைய ஆண்களுக்குக் கூடு கட்டிப் பயனில்லை, போட்டியில் தோற்றுப்போகும். எனவே அவை உண்பதையெல்லாம் உடல் வளர்ச்சிக்கே செலவிட்டுக் காத்திருக்கின்றன. பெரியவை அகன்றுவிட்டால் காத்திருக்க வேண்டிய காரணமும் அகன்றுவிடுகிறது. நாலங்குலம், ஐந்தங்குலத்திலேயே பருவமடைந்து, வளர்ச்சிக்கு ஆக வேண்டிய சத்தைக் குடும்பத்துக்குச் செலவிட்டுவிடுகின்றன. அதன் பின் அவை பெரிதாவது அருமை. பெரிய ஆண்கள் இருக்கும் இடத்தில் சிறியவை பருவத்தைத் தள்ளிப்போடுகின்றன என்பதை இல்லினாய் ராஜ்யத்தில் நடந்து 1997-இல் வெளியான சோதனை உறுதிப்படுத்தியது. ஆகவே பெரியதை எடுத்தால் போனது அந்த ஒரு மீன் மட்டுமன்று; அதன்பின் வளர வேண்டியவற்றின் வளர்ச்சியும் நின்றுபோகிறது. வடபகுதிக் குளிர்ந்த ஏரியில் ஒரு புளூகில் எட்டங்குலம் வளர ஏழெட்டு வருஷம் ஆகலாம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், இழப்பின் அளவு விளங்கும்.

குளிர்காலம் இதற்கு ஏன் முக்கியமெனில், அப்போது மீன்கள் ஏரி முழுவதும் பரவியிராமல் ஆழமான சில பகுதிகளில் கூட்டமாய்த் தங்குகின்றன. முன்னாட்களில் அவ்விடத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். இப்போதோ ஒலியலையால் அடியில் உள்ளதைத் திரையில் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. மீன் நிற்கும் இடத்துக்கு நேராகவே துளையிடலாம். மின்னெசோட்டாவில் வால்ஐ, பைக் முதலிய பெரிய மீன்களுக்கான பருவம் பிப்ரவரிக் கடைசியில் மூடப்படுகிறது. வாணலி மீனுக்கோ மூடும் பருவமே கிடையாது. ஆகையால் மார்ச்சு மாதத்தில் பனிக்கட்டியின்மேல் இருக்கும் அத்தனை தூண்டில்களும் இவற்றின்மேல் திரும்புகின்றன.

குறைந்தபட்ச நீளம் இவ்வளவென்று விதித்துச் சிறியவற்றைத் திருப்பி விடச் செய்யலாமே என்பர் சிலர். அவ்விதி பெரியதை எடுக்கும்படி சட்டமே கட்டளையிடுவதாகும். அன்றியும் 30 அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து விரைவாய் இழுத்த கிராப்பிக்குக் காற்றுப்பை உப்பிவிடுகிறது. திருப்பி விட்டாலும் பல பிழைப்பதில்லை. ஆகவே எண்ணிக்கையை உண்மையாகவே தடுக்குமளவு குறைப்பதுதான் வழி. விஸ்கான்ஸினில் வரம்பை 25-லிருந்து 10 ஆக்கிய ஏரிகளை ஆராய்ந்ததில், புளூகிலின் சராசரி நீளம் சுமார் அரை அங்குலம் கூடியிருந்ததாக 2015-இல் கண்டார்கள். அரை அங்குலமா என்று இகழ வேண்டாம். எட்டங்குல மீன் ஆறங்குல மீனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ளது. அப்படிப்பட்ட பத்து, சிறியவை இருபதுக்கும் மேலாய்ச் சட்டியை நிரப்பும். மின்னெசோட்டா இயற்கைவள இலாகாவும் 2020-இல் தொடங்கிய திட்டத்தில், 5 அல்லது 10 என்னும் வரம்புள்ள ஏரிகளைச் சுமார் 60-லிருந்து 2023-க்குள் 200 முதல் 250 வரை உயர்த்தக் கருதியது. எல்லா ஏரிக்கும் ஒரே விதி எழுதாமல், வளரக்கூடிய ஏரியாய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம். மண்ணைப் பாராமல் ஒரே உரத்தைச் சிபாரிசு செய்பவரை நாம் மதிப்பதில்லை.

மீன் பிடித்தே இரவு உணவைச் சேர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்கு ஐந்து என்பது முதல் சில வருஷங்களில் மெய்யான கஷ்டம். இதை அலட்சியம் செய்து எழுதும் விதி நிலைக்காது. அருகிலேயே சாதாரண வரம்புள்ள ஏரிகளை விட்டுவைப்பதே இதற்குப் பரிகாரம்.

விஸ்கான்ஸின் 2016-இல் பரீட்சித்த ஏற்பாடுகளில் ஒன்று மட்டும் எமக்குத் திருப்தியளிக்கவில்லை. சில ஏரிகளில் மே, ஜூன் மாதங்களில் மாத்திரம் மொத்தம் 15, ஓர் இனத்தில் 5-க்கு மேற்படக் கூடாது என்று விதித்து, மற்ற மாதங்களுக்குப் பழைய 25-ஐயே வைத்துக்கொண்டார்கள். முட்டையிடும் காலத்தைக் காப்பது நல்லதே. ஆனால் கூட்டைக் காக்க வேண்டிய எட்டங்குல ஆணை ஜனவரி மாதத்தில் பனித்துளை வழியே எடுத்துச் செல்ல அவ்விதி தடை சொல்லவில்லை. வரம்பு வருஷம் முழுவதும் நிற்க வேண்டும். அல்லது, இரண்டு மாதங்கள்தான் காக்க முடியுமென்றால், பனிக்கட்டி உறுதியாய் இருக்கும் மாதங்களையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.